பையை இங்கே மட்டும் ஏன் ஸ்கேன் செய்கிறார்கள்? ரயில், பஸ், விமானம் காக்கப்படும் விதம்

விடியற்காலை ஐந்து மணி. ஜேபியில் இருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கோ படிப்புக்கோ போகும் ஆயிரக்கணக்கானோரில் நீங்களும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸில் இருந்து இறங்கி, குடிநுழைவைத் தாண்டி, முதுகுப்பையைக் கழற்றி எக்ஸ்ரே இயந்திரத்தில் வைக்கிறீர்கள். பின்னால் கியூ நீண்டுகொண்டே போகிறது.

கொஞ்ச நேரம் கழித்து அதே பையோடு கிராஞ்சி பெருவிரைவு ரயில் நிலையத்தில் நுழைகிறீர்கள். பெரும்பாலான நாள்களில் அங்கே உங்கள் பையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கோலாலம்பூரில் எல்ஆர்டி ஏறினாலும் அப்படித்தான்.

அப்படியென்றால் ரயிலில் ஆபத்து இல்லையா? இல்லை, அங்கே யாரும் கவனிப்பதில்லையா?

இரண்டும் கிடையாது. விமானத்தைக் காக்கும் முறை வேறு, ரயிலையும் பஸ்ஸையும் காக்கும் முறை வேறு. ஏன் என்று தெரிந்துகொள்ள ஜொகூரை விட நல்ல இடம் கிடைப்பது கடினம். விமானக் கடத்தல் ஒன்று முடிந்த இடம் ஜொகூர். ரயில் நிலையம் ஒன்றைத் தாக்கத் திட்டமிட்ட கூட்டம் ஒரு காலத்தில் நடமாடிய இடமும் ஜொகூர்தான். இப்போது இரு நாடுகளை இணைக்கும் புது ரயில் பாதையும் இங்கேதான் வருகிறது.

தஞ்சோங் கூப்பாங், 1977

அந்த ஆண்டு டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை இரவு. மலேசிய விமான நிறுவனத்தின் எம்எச் 653 விமானம் பினாங்கில் இருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்டது. போயிங் 737 ரகம். பயணிகள் 93 பேர், சிப்பந்திகள் 7 பேர். ஒரு மணி நேரம்கூட ஆகாத உள்நாட்டுப் பயணம்.

சுபாங் விமான நிலையத்தில் இறங்கத் தயாரான நேரத்தில், விமானம் கடத்தப்பட்டதாக விமானிகள் கட்டுப்பாட்டு நிலையத்துக்குத் தெரிவித்தார்கள். விமானம் சிங்கப்பூர் பக்கம் திரும்பியது. ஆனால் சிங்கப்பூரைத் தொடவில்லை. ஜொகூரின் தென்மேற்கு மூலையில், தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 100 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இறந்தவர்களில் அப்போதைய மலேசிய விவசாய அமைச்சர் அலி ஹாஜி அகமதுவும் இருந்தார். ஜப்பானுக்கான கியூபத் தூதரும் இருந்தார். உடல்களை அடையாளம் காண்பதே முடியாத நிலை. ஜொகூர் பாருவின் ஜாலான் கெபுன் தேயில் அவர்களை ஒன்றாக அடக்கம் செய்தார்கள். அந்த நினைவிடம் இன்றும் இருக்கிறது. நகருக்குள்தான், நீங்கள் அதைத் தாண்டிப் பலமுறை போயிருக்கலாம். விமானம் விழுந்த தஞ்சோங் கூப்பாங் பகுதி வழியாகத்தான் இப்போது இரண்டாவது இணைப்புப் பாலத்துக்குப் போகும் வாகனங்கள் ஓடுகின்றன.

கடத்தியவர் யார்? அன்று எல்லாரும் சொன்ன பெயர் ஜப்பானியச் செம்படை. காரணம் இருந்தது. 1975 ஆகஸ்ட்டில் அந்தக் குழு கோலாலம்பூரின் ஏஐஏ கட்டடத்துக்குள் புகுந்து 50க்கும் மேற்பட்டோரைப் பிணை பிடித்திருந்தது. எம்எச் 653 விழுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றை டாக்காவுக்குக் கடத்தியிருந்தது. ஆனால் எம்எச் 653 விவகாரத்தில் அந்தச் சந்தேகம் நிரூபிக்கப்படவே இல்லை. விமானி அறையின் ஒலிப்பதிவு, உள்ளே துப்பாக்கிச் சூடு நடந்ததைக் காட்டியது. சுட்டவர் யார், எதற்காக என்பதற்கு இன்றுவரை பதில் கிடையாது.

அந்தக் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். குற்றவாளி கிடையாது, வழக்கு கிடையாது, கோபப்படுவதற்கு ஒரு முகம்கூடக் கிடையாது.

விமானத்துக்கு ஒரு கதவுதான்

1960களிலும் 70களிலும் விமானக் கடத்தல் உலகம் முழுக்க அடிக்கடி நடந்தது. அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, விமானப் பாதுகாப்புக்கு என்றே தனி விதித் தொகுப்பை 1974இல் ஏற்றுக்கொண்டது. உலோகத்தைக் கண்டுபிடிக்கும் வாயில், எக்ஸ்ரே, போர்டிங் பாஸ் இல்லாமல் தாண்ட முடியாத எல்லை... இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரிகிற எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக வந்தவை. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு சம்பவம் இருக்கும்.

அப்படியும் ஓட்டை இருந்தது. 1991 மார்ச் 26 அன்று சுபாங்கில் இருந்து சாங்கிக்குப் புறப்பட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்கியூ 117 விமானத்தை நான்கு பேர் கடத்தினார்கள். மறுநாள் காலை சிங்கப்பூர் அதிரடிப் படை சாங்கியில் விமானத்துக்குள் நுழைந்து நால்வரையும் சுட்டுக் கொன்றது. பயணிகள் எல்லாரும் உயிரோடு மீண்டார்கள். கடத்தியவர்கள் வெடிபொருள் என்று சொல்லி மிரட்டியது வெறும் மத்தாப்பு. ஆனால் விமானத்துக்குள் மாட்டிக்கொண்டவருக்கு அது எப்படித் தெரியும்?

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு விமானி அறையின் கதவே மாறியது. குண்டு துளைக்காத, வெளியில் இருந்து உடைக்க முடியாத கதவு பெரிய பயணிகள் விமானங்களுக்கு 2003 நவம்பரில் இருந்து கட்டாயமானது. எம்எச் 653இல் அப்படி ஒரு கதவு இருந்திருந்தால் என்ற கேள்வி எழாமல் இருக்காது.

ஆனால் கதவு பேசும் கதை அத்தோடு முடியவில்லை. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் துணை விமானி, தலைமை விமானி வெளியே போன நேரத்தில் உள்ளே பூட்டிக்கொண்டு விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதினார். இறந்தவர்கள் 150 பேர். வெளியில் இருப்பவரிடம் இருந்து காக்கச் செய்த கதவு, காப்பாற்ற வந்தவரையும் வெளியே நிறுத்திவிட்டது. பாதுகாப்பு ஏற்பாடு எதுவுமே ஒரு பக்கம் மட்டும் வெட்டுவதில்லை.

எப்படியும், விமானத்தைப் பூட்டிக் காப்பது முடியும். உள்ளே போக ஒரே வழி. பயணி யார் என்று முன்கூட்டியே தெரியும். ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொன்னால் வருவார். இந்த மூன்றுமே ரயிலுக்குப் பொருந்தாது.

ஒரு சின்னக் கணக்கு

சிங்கப்பூர் பெருவிரைவு ரயிலில் ஒரு சாதாரண வேலை நாளில் 3 மில்லியனுக்கும் மேற்பட்ட பயணங்கள் நடக்கின்றன. காலை நெரிசலில் ஒரு பெரிய நிலையத்தில் மணிக்குப் பத்தாயிரம் பேர் நுழைகிறார்கள் என்று வையுங்கள். ஒருவரின் பையைப் பார்க்க வெறும் 10 வினாடிதான் என்றாலும், ஓர் இயந்திரம் மணிக்கு 360 பேரைத்தான் அனுப்ப முடியும். பத்தாயிரம் பேருக்கு 28 இயந்திரங்கள் வேண்டும். அதுவும் ஒரே ஒரு நிலையத்துக்கு.

சில நகரங்கள் அப்படியும் செய்கின்றன. சென்னை மெட்ரோவில் ஏறியிருந்தால் பையை எக்ஸ்ரே பெட்டியில் வைத்திருப்பீர்கள். டெல்லி, பெய்ஜிங்கிலும் அதே கதை. ஆனால் அந்த வரிசையிலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சோதனைக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தை யார் சோதிப்பது?

2016 மார்ச் 22 அன்று பிரசல்ஸில் நடந்தது இதுதான். தாக்குதல்காரர்கள் விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையைத் தாண்ட முயலவே இல்லை. பயணிகள் பெட்டிகளோடு வரிசையில் நின்ற கூடத்திலேயே குண்டு வெடித்தது. சற்று நேரத்தில் மெட்ரோ ரயில் ஒன்றிலும் வெடித்தது. இரண்டு இடங்களிலும் சேர்த்து 32 பேர் உயிரிழந்தார்கள்.

ஆகவே ஜேபியிலும் உட்லண்ட்ஸிலும் நீளும் கியூ உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம் மட்டும் கிடையாது. ஓர் இடத்தில் கூட்டம் தேங்காமல் நகர வைப்பதே பாதுகாப்பு வேலைதான். கியூஆர் குறியீட்டைக் காட்டிக் குடிநுழைவைத் தாண்டும் வசதி வந்தபோது எல்லாரும் நேரம் மிச்சம் என்று பேசினார்கள். கூட்டம் சீக்கிரம் கலைவதால் கிடைக்கும் பத்திரத்தைப் பற்றி அதிகம் பேரிடம் கேட்கவில்லை.

ரயில் ஏன் குறிவைக்கப்படுகிறது?

உலக வரைபடத்தில் புள்ளி வைத்தால் பட்டியல் நீளும். 1995 மார்ச்சில் தோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சு வாயு. 2004 மார்ச்சில் மட்ரிட் ரயில்களில் குண்டுகள், 190க்கும் மேற்பட்டோர் பலி. 2005 ஜூலையில் லண்டனில் மூன்று சுரங்க ரயில்கள், ஒரு பஸ். 52 பேர் பலி. 2006 ஜூலையில் மும்பை புறநகர் ரயில்கள், 180க்கும் மேற்பட்டோர் பலி. 2014 மே 1 அன்று சென்னை சென்ட்ரலில் நின்ற குவாஹாட்டி ரயிலில் இரண்டு குண்டுகள் வெடித்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். இலங்கையில் 1996 ஜூலை 24 அன்று தெஹிவளையில் மாலை நேரப் பயணிகள் ரயிலில் குண்டு வெடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இவற்றில் கவனித்தீர்களா? தோக்கியோ, லண்டன், மும்பை, தெஹிவளை எல்லாமே வேலைக்குப் போகும் அல்லது வீடு திரும்பும் நேரம். இறந்தவர்கள் அரசியல்வாதிகள் கிடையாது, சம்பளத்துக்கு ஓடும் சாதாரண மக்கள். அடுத்த நாள் காலையில் மற்றவர்கள் ரயில் ஏறப் பயப்பட வேண்டும் என்பதே குறி.

நம் பக்கத்துக் கதை ஒன்றில் அதைவிட ஆழமான குறி இருந்தது.

யீஷூன் நிலையம்

2001 டிசம்பரில், ஆப்கானிஸ்தானில் அல்காய்தா தலைவர் ஒருவரின் இடிந்த வீட்டில் ஒரு காணொளி நாடா கிடைத்தது. அதில் இருந்தது காபூல் கிடையாது, நியூயார்க் கிடையாது. யீஷூன் பெருவிரைவு ரயில் நிலையம். செம்பவாங்கில் இருந்து அமெரிக்க ராணுவத்தினர் வந்துபோகும் பஸ் அங்கே நிற்பதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஒருவர் விளக்கும் குரலோடு.

எடுத்தது ஜெமா இஸ்லாமியா அமைப்பின் சிங்கப்பூர்க் கிளை. இந்த அமைப்பின் வேர் ஜொகூர் வரை நீண்டிருந்தது. உலு திராமில் இருந்த லுக்மானுல் ஹக்கீம் என்ற சமயப் பள்ளி அதன் முக்கிய மையங்களில் ஒன்று. பின்னர் பாலி குண்டுவெடிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களில் சிலர் அங்கே இருந்தவர்கள். 2002இல் அதிகாரிகள் அதை மூடினார்கள்.

சிங்கப்பூர் அரசாங்கம் 2003 ஜனவரியில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. யீஷூன் தவிர சாங்கி விமான நிலையம், ஜொகூரில் இருந்து சிங்கப்பூருக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய்கள் போன்றவற்றைத் தாக்கும் திட்டமும் பேசப்பட்டிருந்தது. நோக்கம்? மலேசியாதான் செய்தது என்று சிங்கப்பூரும், சிங்கப்பூர் வீண்பழி போடுகிறது என்று மலேசியாவும் நினைக்க வேண்டும். இரு பக்கமும் இனங்களுக்கு இடையே சந்தேகம் மூள வேண்டும்.

அதாவது குறி ரயில் நிலையம்கூட இல்லை. கடற்பாலத்தின் இரு முனையிலும் இருப்பவர்களின் உறவுதான் குறி.

சரி, அது எப்படி முறியடிக்கப்பட்டது? யீஷூனில் ஸ்கேனர் இருந்ததாலா? இல்லை. ஸ்கேனர் எதுவும் இதில் வரவே இல்லை. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, தனக்குத் தெரிந்த ஓர் ஆள் ஆப்கானிஸ்தானில் சண்டையிட்டதாகவும் அல்காய்தாவுடன் தொடர்பு இருப்பதாகவும் சொல்லிக்கொள்கிறார் என்று சிங்கப்பூரில் ஒருவர் அதிகாரிகளிடம் தகவல் சொன்னார். அந்த நூலைப் பிடித்துத்தான் வலை தெரிந்தது. காணொளி நாடா கைக்கு வந்தது அதற்குப் பிறகு. டிசம்பர் மாதம் கைதுகள் நடந்தன. முதல் கட்டத்தில் 13 பேர் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார்கள்.

ரயிலைப் பூட்ட முடியாது என்பதால், அதைக் காக்கும் வேலை ரயில் நிலையத்துக்கு ரொம்பத் தூரத்திலேயே தொடங்கிவிடுகிறது. பணம் எங்கே போகிறது, யார் எதை வாங்குகிறார்கள், எந்த எல்லையை யார் எத்தனை முறை தாண்டுகிறார்கள் என்பதை எல்லாம் உளவுத்துறைகள் பார்க்கின்றன. இரு நாடுகளும் தகவல் பகிர்கின்றன. சிங்கப்பூர்த் தடுப்புக்காவலில் இருந்து 2008 பிப்ரவரியில் தப்பியோடிய மாஸ் செலாமாட் கஸ்தாரி, 2009 ஏப்ரலில் பிடிபட்டது ஜொகூரின் ஸ்கூடாயில். பிடித்தது மலேசியப் போலீஸ்.

எல்லாவற்றையும் முன்கூட்டியே பிடித்துவிட முடியும் என்றும் நினைக்க வேண்டாம். 2024 மே 17 அதிகாலை உலு திராம் போலீஸ் நிலையத்தில் ஒருவர் தாக்கியதில் இரண்டு போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். தாக்கியவர் சுட்டுக் கொல்லப்பட்டார். முதலில் அவர் ஜெமா இஸ்லாமியாவைச் சேர்ந்தவர் என்று போலீஸ் சந்தேகித்தது. பின்னர், அவர் தனியாகச் செயல்பட்டதாக உள்துறை அமைச்சர் சொன்னார். தனியாள் என்றால் ஒட்டுக்கேட்க உரையாடல் இருக்காது, பின்தொடரப் பணப் பரிமாற்றம் இருக்காது. அன்று கடற்பாலத்தில் சோதனை கடுமையானது. கியூ இன்னும் நீண்டது.

நிலையத்துக்குள் நீங்கள் பார்க்காதவை

உளவுத் தகவல் தவறவிட்டால் அடுத்த வளையம், நிலையம் கட்டப்பட்ட விதம். இதைப் பாதுகாப்பு என்றே பலர் கவனிப்பதில்லை.

நுழைவாயிலில் வரிசையாக நிற்கும் குட்டைத் தூண்கள், பூச்சட்டி போலத் தெரியும் கனமான கான்கிரீட் தொட்டிகள் எல்லாம் வாகனம் உள்ளே பாயாமல் தடுக்க. உள்ளே இருப்பது வெளியில் தெரியும் குப்பைத் தொட்டிகள். அடியில் எதையும் ஒளிக்க முடியாத இருக்கைகள். மறைவு மூலை இல்லாத நேரான நடைபாதை. கேமரா எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் கேமரா பெரும்பாலும் நடந்த பிறகு யார் என்று சொல்லத்தான் உதவுகிறது; நடக்கும் முன் நிறுத்த, திரைக்குப் பின்னால் கண்ணைச் சிமிட்டாமல் பார்க்கும் ஓர் ஆள் வேண்டும்.

ரயில் பெட்டியும் மாறியிருக்கிறது. மட்ரிட், லண்டன் சம்பவங்களுக்குப் பிறகு பிரிட்டனின் நியூகாசல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய மெட்ரோ பெட்டி ஒன்றுக்குள் வெடிப்பு நடத்திச் சோதித்தார்கள். கண்ணாடிச் சில்லுகளும் பிய்ந்து பறக்கும் கூரைத் தகடுகளும் மக்களைக் காயப்படுத்துவதில் பெரிய பங்கு வகிப்பதைக் கண்டார்கள். கண்ணாடிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் படலம், தகடுகளை இறுக்கிப் பிடிக்கும் கம்பி என்று செலவு குறைந்த மாற்றங்களே நிறைய உயிரைக் காக்கும்.

அப்புறம் துணைப் போலீஸ் ரோந்து. இன்றைக்கு இந்த நிலையம், நாளைக்கு வேறு நிலையம், எப்போது என்று தெரியாது. சிங்கப்பூரில் சில நிலையங்களில் சில நேரங்களில் பையைத் திறக்கச் சொல்வதும் இப்படித்தான். எல்லாரையும் சோதிக்க முடியாது. ஆனால் யாரைச் சோதிப்பார்கள் என்று யாராலும் கணிக்க முடியாதபடி செய்தால், திட்டம் போடுகிறவருக்குத் தலைவலி. முன்கூட்டியே வந்து வேவு பார்ப்பவர்தான் இதில் அதிகம் தடுமாறுவார்.

ஆர்டிஎஸ்: ரயிலா, விமானமா?

இப்போது புக்கிட் சாகாருக்கு வருவோம். ஜொகூர் பாருவையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் பாதை வெறும் 4 கிலோமீட்டர். ஐந்து நிமிடப் பயணம். உச்ச நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை போகலாம். 2026 இறுதிவாக்கில் சேவையைத் தொடங்குவது இலக்கு.

இது பார்க்க மெட்ரோ ரயில், ஆனால் எல்லை தாண்டுகிறது. அதனால் இரண்டு உலகமும் இங்கே சந்திக்கின்றன. ரயில் ஏறும் முன்பே, ஒரே கட்டடத்தில், இரு நாடுகளின் குடிநுழைவு, சுங்கச் சோதனைகளை முடித்துவிடலாம். புக்கிட் சாகாரில் சிங்கப்பூர் அதிகாரிகள் இருப்பார்கள். உட்லண்ட்ஸ் நார்த்தில் மலேசிய அதிகாரிகள் இருப்பார்கள். இறங்கியதும் நேரே வெளியே நடக்கலாம்.

பாதுகாப்புக் கண்ணோடு பார்த்தால் இதில் ஒரு நன்மை உண்டு. பாலத்தின் மேல் ஓடும் ரயிலில் ஏறுகிறவர் ஏறும் முன்பே சோதிக்கப்பட்டவர். ஆனால் மேலே போட்ட கணக்கு மறந்துவிடவில்லையே? மணிக்குப் பத்தாயிரம் பேர். சோதனை மெதுவானால் கூட்டம் ரயிலில் இருந்து கட்டடத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான். ஆகவே ஆர்டிஎஸ் எவ்வளவு பத்திரம் என்பதை ஸ்கேனரின் விலையை வைத்துச் சொல்ல முடியாது. திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குப் புக்கிட் சாகார் கூடத்தில் எத்தனை பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று போய்ப் பார்ப்பேன். எனக்கு அதுதான் அளவுகோல்.

முகத்தைப் பார்ப்பதா, நடத்தையைப் பார்ப்பதா?

இதைத் தமிழில் எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பாதுகாப்பு என்ற பெயரில் தவறான ஆள் நிறுத்தப்பட்டால் என்ன ஆகும் என்பது தமிழர்களுக்கு நன்றாகவே தெரியும்.

தெஹிவளை போன்ற தாக்குதல்களுக்குப் பிறகு கொழும்புச் சோதனைச் சாவடிகளில், அடையாள அட்டையில் பெயரைப் பார்த்ததுமே சாதாரணத் தமிழர்கள் பலர் ஓரமாக நிறுத்தப்பட்டார்கள். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. மலேசியாவிலேயே, 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் தொடர்பு என்று 12 பேர் சொஸ்மா சட்டத்தின்கீழ்க் கைதானார்கள். சில மாதங்கள் உள்ளே இருந்த பிறகு, 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் அந்தக் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார்.

லண்டனில் 2005 ஜூலை 22 அன்று, குண்டு வைத்தவர் என்று தவறாக நினைத்து, ஸ்டாக்வெல் சுரங்க ரயிலுக்குள் போலீஸார் ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிரேசில் நாட்டு மின்பணியாளர்.

இது மனித உரிமைக் கேள்வி மட்டும் இல்லை, நடைமுறைக் கேள்வியும்கூட. யீஷூன் திட்டம் வெளிவந்தது யாரோ ஒருவர் நம்பி வந்து பேசியதால். ஒரு சமூகத்தையே சந்தேகத்தோடு பார்த்தால், அங்கிருந்து அடுத்த தகவல் யார் சொல்வார்? அதனால்தான் தோலின் நிறம், தாடி, முக்காடு, பெயர் இவற்றை விட்டுவிட்டு, ஆள் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்கும்படி பாதுகாவலர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். ரயிலில் ஏறாமலேயே நீண்ட நேரம் நிலையத்தில் சுற்றுவது, கேமராக்களையும் பணியாளர் வாசல்களையும் படம் எடுப்பது, பையை வைத்துவிட்டு வேகமாக விலகுவது போன்றவை.

அப்போ நீங்க என்ன செய்யணும்?

முதலில், உங்கள் பையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சும்மா சொல்லவில்லை. 2017 ஏப்ரல் 2 அன்று ஹவ்காங் பெருவிரைவு ரயில் நிலையத்தில் ஒருவர் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் வேறு வேலை பார்க்கப் போனார். நிலையம் ஏறக்குறைய அரை மணி நேரம் மூடப்பட்டது. அவர் கைதானார். அதே மாதம் 18ஆம் தேதி உட்லி நிலையத்தில் ஏதோ வெள்ளைப் பொடி. நிலையம் சில மணி நேரம் மூடப்பட்டது. கடைசியில் பார்த்தால் மாவு! ஓட்டப் பாதையை அடையாளம் காட்டத் தூவியதாம்.

இந்தச் சம்பவங்களில் யாரும் முட்டாளாகவில்லை என்பது என் கருத்து. சொன்னவரும் சரி, மூடியவர்களும் சரி, வேலையைத்தான் செய்தார்கள்.

இரண்டாவது, ஆளில்லாத பை ஒன்றைப் பார்த்தால், “யாராவது மறந்து வச்சிட்டுப் போயிருப்பாங்க” என்றுதான் மனசு சொல்லும். பெரும்பாலும் அது உண்மைதான். பிரிட்டிஷ் போக்குவரத்துப் போலீஸ் ரயில் பணியாளர்களுக்கு மூன்று கேள்விகளைக் கற்றுத் தருகிறது. அது வேண்டுமென்றே ஒளித்து வைக்கப்பட்டதா? கம்பி, மின்கலம், கசிவு, விநோத வாடை என வெளிப்படையாகச் சந்தேகம் தருகிறதா? அந்த இடத்தில் வழக்கமாகக் காணக்கூடிய பொருளா? லார்க்கின் பஸ் நிலைய நாற்காலியில் கிடக்கும் மளிகைப் பை வேறு. கழிவறைக் குழாய்க்குப் பின்னால் செருகிய பொட்டலம் வேறு.

தொடாதீர்கள், திறந்து பார்க்காதீர்கள். முதலில் விலகுங்கள், பக்கத்தில் இருப்பவரையும் விலகச் சொல்லுங்கள், அப்புறம் போன் எடுங்கள். நிலையப் பணியாளர் கண்ணில் பட்டால் அவரிடமே சொல்லலாம். அவர் உங்களைவிட வேகமாகக் கட்டுப்பாட்டு அறையை எட்டுவார். எந்த நடைமேடை, எந்தத் தூண், எத்தனை மணி என்று சொல்லுங்கள். ஓடும் ரயில் என்றால் பெட்டிக்குள் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள்.

படம் எடுத்து உடனே வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அந்தப் படத்தைப் போலீஸிடம் கொடுங்கள், குழுவில் போடாதீர்கள். வதந்தி கிளம்பினால், குண்டே இல்லாமல் மாடிப்படியில் நெரிசல் ஏற்படலாம்.

தாக்குதலே நடந்துவிட்டால் சிங்கப்பூரில் சொல்லித் தரும் வரிசை: ஓடு, ஒளி, சொல். ஓட வழி இருந்தால் பையை விட்டுவிட்டு ஓடுங்கள். வழி இல்லையென்றால் ஒளிந்துகொண்டு போனைச் சத்தமில்லாமல் வையுங்கள். பத்திரமான பிறகு அழையுங்கள்.

எண்ணை மாற்றி நினைவு வைக்கத் தேவையில்லை. ஜொகூரில் நின்றாலும் உட்லண்ட்ஸில் நின்றாலும் போலீஸை அழைக்க 999தான். சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு மட்டும் 995.